முழுமையடையாத அமர்வுகள்

பெட்டி பதினொன்று ஐம்பதுக்குத் திறக்கும். இப்போது பத்து முப்பத்தைந்து. பதினான்காம் எண் ஹாலில் சுவரை ஒட்டி நடந்துகொண்டிருந்த தாணுமூர்த்தி, கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று பத்து இருபத்தெட்டுக்குத்தான் தனக்குள் சொல்லியிருந்தார். ஏழே நிமிஷம். அரியர் பரீட்சை, ஆங்கிலம் இரண்டாம் தாள், நாற்பது பெஞ்சு, முப்பத்தொரு தலை. எல்லாத் தலையும் குனிந்திருந்தன. மின்விசிறிகளில் கடைசி வரிசைக்கு மேலே இருப்பது மட்டும் டக், டக், டக் என்றது. நாலாவது டக் கொஞ்சம் தாமதித்து வந்தது. அந்தத் தாமதத்தில் என்னவோ வரப்போகிறது என்று நடை நின்றது, ஒன்றும் வரவில்லை, மறுபடி டக். போனில் வரும் பெட்டியும் இப்படித்தான். தொட்டதும் மூன்று முறை ஆடும், நாலாவது ஆட்டத்துக்கு முன்னால் ஒரு நொடி நிற்கும், மூடியின் இடுக்கில் வெளிச்சம் கசியும். வெளிச்சம் மஞ்சளாக இருந்தால் தளபதி. சாம்பலாக இருந்தால் வைக்கோல், அம்பு, கருங்கல். அந்த நொடியை யாரோ உட்கார்ந்து அளந்து வைத்திருக்கிறார்கள், அவரைப் போலவே கணக்குப் படித்த யாரோ, என்று முதல் நாளே அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன. செல்போன் பரீட்சை அலுவலகத்தில் எண் போட்ட துணிப்பையில் கிடக்கிறது. ஹாலுக்குள் யாரும் கொண்டுவரக் கூடாது, ஆசிரியர்களும்தான். சட்டைப் பையில் ஒரு சாக்பீஸ் துண்டு இருந்தது; வலது கட்டை விரல் அதைத் தடவிக்கொண்டே இருந்தது. தடவுவது தெரிந்து கையை வெளியே எடுத்தார். கை தானாகத் திரும்பப் பைக்குள் போயிற்று.

“சாரே, கொஞ்சம் இருங்க. உங்களப் பாத்துப் பாத்து எனக்குத் தல சுத்துது” என்றார் ஜெசிந்தா மேடம், மேசைக்குப் பின்னாலிருந்து, குரலை அடக்கி. தாவரவியல். அவரோடு இந்த ஹாலுக்குப் போடப்பட்ட இன்னொரு கண்காணிப்பாளர். “பிள்ளைங்க எழுதுதோ இல்லியோ, நீங்க நாலு கிலோமீட்டர் நடந்தாச்சு.” “சுகர் மேடம். நடக்கச் சொல்லியிருக்காங்க.” “எப்பத்துல இருந்து சுகர்?” மூன்று வாரமாக, என்று வாயில் வந்துவிட்டது. “இப்பத்தான்” என்றார். மூன்று வாரம். அதற்கு முன்னால் அந்த விளையாட்டின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. பாளையம். கோட்டை கட்ட வேண்டும், படை சேர்க்க வேண்டும், அதற்குப் பெட்டி திறக்க வேண்டும். நாலு மணி நேரத்துக்கு ஒரு பெட்டி சும்மா கிடைக்கும். காத்திருக்கப் பொறுமையில்லாதவன் காசு போட்டு வாங்கிக்கொள்ளலாம். சும்மா கிடைப்பதை வந்த பத்து நிமிஷத்துக்குள் திறந்து எடுக்காவிட்டால் தொடர்ச்சி அறுந்துவிடும். அவருடைய தொடர்ச்சி இன்றைக்கு இருபதாவது நாள். தொடர்ச்சி என்பது வெறும் சொல், ஒவ்வொரு பெட்டியும் தனி நிகழ்ச்சி, முந்தின பெட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது. நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது! இருபத்தேழு வருஷம் கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போட்ட வாக்கியம். புள்ளியியல் துறையில் அவருக்குப் பட்டப்பெயரே ‘நாணயம்’ என்று அவருக்குத் தெரியும். ஆனால் நேற்று வரிசையாக முப்பத்தாறு சாம்பல். முப்பத்தாறுக்குப் பிறகும் வராமலா போகும், என்று காலையில் பல் தேய்க்கும்போது நுரையோடு சொல்லிக்கொண்டது யார்?

இரண்டு மணிக்கு கமிட்டி. அதை நினைக்காமல் இருக்கத்தான் பெட்டியை நினைக்கிறோமோ என்று நினைத்தார். அப்படி நினைத்தது ஆறுதலாக இருந்தது, அதனால் நம்பவில்லை. ரெக்சலின். மூன்றாம் வருஷம், அவருடைய துறை, மாணவர் மன்றப் பொருளாளர். தொழிற்சாலைச் சுற்றுலாவுக்கு வகுப்பில் பிரித்த பணம் முழுவதையும் இந்தப் பாளையத்துப் பெட்டிகளில் போட்டுவிட்டாள். பஸ்காரர் முன்பணம் கேட்கிறார், அவர் ஊரில் இல்லை, அவருக்கு உடம்பு சரியில்லை என்று பத்து நாள் கதை சொல்லியிருக்கிறாள். பணத்தை அவள் அம்மா எப்படியோ புரட்டிக் கட்டியாயிற்று. இப்போது கேள்வி அவளைக் கல்லூரியில் வைத்துக்கொள்வதா, டி.சி. கொடுத்து அனுப்புவதா என்பதுதான். கமிட்டித் தலைவர் பொன்னையா சார் துணை முதல்வர், எதையும் இழுக்கப் பிடிக்காதவர். “தாணு சார், உங்ககிட்ட ஒரு வரிதான் கேக்கேன். நீங்கதான் இதுக்கு எக்ஸ்பர்ட். அது சூதாட்டமா, விளையாட்டா? சூதாட்டம்னா பிள்ள அதுல மாட்டிக்கிட்டான்னு அர்த்தம், கவுன்சலிங் குடுத்து விட்டுரலாம். வெறும் விளையாட்டுன்னா அவ திருடுனா. திருடுனா டி.சி. அவ்வளவுதான்.” அந்த ஒரு வரிக்காகத்தான் அவர் விளையாட்டைத் தன் போனில் ஏற்றினார். ஏற்றிய அன்று மேசையில் நோட்டு, ஸ்கேல், சிவப்புப் பேனா எல்லாம் எடுத்து வைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இருநூறு பெட்டி போதும் என்று முதல் பக்கத்தில் எழுதினார். இருநூறு ஐந்தாம் நாளே முடிந்துவிட்டது. மாதிரி பெரிதாக இருந்தால் நல்லது. எப்போதுமே நல்லதுதானே. மாதிரி பெரிதாக இருப்பது கெடுதல் என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

“சார், அடிஷனல் ஷீட்.” நீலச் சட்டைக்காரன். மூன்றாவது வரிசையில் சடை போட்ட பெண் முதலில் கேட்பாள் என்று அவர் நினைத்திருந்தார்; அவள் முதலில் கேட்டால் மஞ்சள், இவன் முதலில் கேட்டால் சாம்பல் என்று எப்போது வைத்தோம்? வைத்தது ஞாபகமே இல்லை, ஆனால் தோற்றது மட்டும் நெஞ்சில் குத்தியது. தாளைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். அவரும் ஒருமுறை துறையின் அட்டெண்டருக்குப் பாடம் எடுத்தவர்தான். அந்த மனிதர் வாரா வாரம் களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குப் போய் லாட்டரிச் சீட்டு வாங்கி வருவார். கூப்பிட்டு நிறுத்தி, கரும்பலகையில் எதிர்பார்ப்பு மதிப்பு போட்டு, ‘பாருங்க, நீங்க ஒவ்வொரு வாரமும் இவ்வளவு தோக்கீங்க’ என்று விளக்கினார். அட்டெண்டர் கைகட்டிக் கேட்டார். “சார் சொல்லது நூத்துக்கு நூறு சரி. ஆனா சீட்டுக் கிழியது வரைக்கும் எனக்கு ஒரு நெனப்பு ஓடும்லா சார். அத இதுல எங்க கொண்டு சேப்பீங்க?” அன்று மாலை ஆசிரியர் அறையில் அதைச் சொல்லிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அந்த நினைப்புக்கு ஒரு எண் கொடுத்தால் சமன்பாடு எந்தப் பக்கம் சாயும் என்று அவர் யோசிக்கவே இல்லை. இப்போது யோசிக்க நேரமிருக்கிறது. பதினொன்று பத்து.

அறிக்கை பையில் இருக்கிறது, பை ஆசிரியர் அறையில். இரண்டு பிரதி, கையெழுத்துப் போட்டாயிற்று. தளபதி கிடைப்பது நூற்றுக்கு இரண்டு என்று நிறுவனம் அறிவித்திருக்கிறது. என் சோதனையில் நூற்றுக்கு மூன்றரை. சொன்னதைவிடத் தாராளமாகவே கொடுக்கிறார்கள். எந்தப் பெட்டியும் வெறும் பெட்டி அல்ல, ஏதாவது இருக்கும். ஏமாற்று இல்லை. ஆகவே சூதாட்டம் என்று கொள்ள முகாந்திரமில்லை. முகாந்திரம் என்ற சொல்லை எழுதியபோது திருப்தியாக இருந்தது. முதல் விசாரணையில் ரெக்சலின் தரையைப் பார்த்தபடி ஒன்று சொன்னாள்: “ஒரேயடியா ஏமாத்திருந்தா விட்ருப்பேன் சார். அது ஒவ்வொரு தடவையும் பக்கத்துல வந்துட்டுப் போவும்.” அதற்கும் அறிக்கையில் பதில் உண்டு. மாணவியின் கூற்றுக்குத் தரவுகளில் ஆதாரம் இல்லை. அவளுடைய அம்மா, குளச்சல்காரி, நைலான் புடவை, மீன் சந்தையிலிருந்து நேராக வந்த ஈர விளிம்பு, பொன்னையா சாரிடம் கையை விரித்துக் கேட்டாள்: “எம் பிள்ள எவன்கூடயும் போனாளா, குடிச்சாளா? கட்டில்ல கெடந்து போனப் பாத்தா சார். படிக்கான்னுல்லா நான் கட்டன் காப்பி போட்டுக் குடுத்தேன்.” அவருடைய மனைவி நீலாவும் போட்டுத்தான் கொடுத்தாள். ஒரு வாரம் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு எட்டாம் நாள் கேட்டாள்: “பாத்ரூமுக்கு எதுக்கு நோட்டும் போனும்?” “ஆராய்ச்சி.” “ஆராய்ச்சிக்கு மொகம் ஏன் இப்படிப் போவுது? கண்ணாடில பாருங்க ஒரு தடவ.” பார்க்கவில்லை. “கமிட்டி முடியட்டும், அழிச்சிருவேன்” என்றார். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். டம்ளரில் பாதி காப்பி இருந்தது, அது தெரிந்தேதான் எடுத்துப்போனாள். அழிப்பேன். பதினேழாவது கோட்டை முடியும் தறுவாயில் இருக்கிறது. முடிந்ததும் அழிப்பேன். முடியாமல் அழித்தால் முடியாதது மனசில் கிடந்து உறுத்தும், அறிக்கைக்கும் அது நல்லதல்ல. பதினொன்று முப்பத்திரண்டு. அரைமணிக்கு ஒருதரம் அடிக்கும் மணி இன்னும் அடிக்கவில்லை. அடிக்க மறந்துவிட்டார்களா? காதில் ஒரு மணி அடித்துக்கொண்டேதான் இருந்தது.

பதினொன்று நாற்பத்தாறுக்கு அவர் ஜெசிந்தா மேடத்திடம் சுண்டுவிரலைக் காட்டினார். தாழ்வாரத்தில் வெயில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. கழிப்பறை இடப்பக்கம், பரீட்சை அலுவலகம் வலப்பக்கம். கால்கள் வலப்பக்கம் திரும்பின. திரும்பியபோது அவருக்கு ஆச்சரியம் என்று சொல்ல முடியாது. தன்னையே பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்ததுபோல் இருந்தது, ஐம்பத்து நாலு வயசு ஆள், தேய்ந்த செருப்பு, கொஞ்சம் வேகமான நடை. அலுவலகத்தில் கிளார்க் அகஸ்டின் தாள்கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தான். “போன் வேணும் அகஸ்டின். ரெண்டு நிமிஷம்.” “சார், ரூல்ஸ்...” “வீட்டுல முடியல. காலைல மயக்கம் போட்டு விழுந்துட்டா.” நினைத்துச் சொன்னதல்ல. வாய்க்குள் தயாராக, துடைத்து வைத்ததுபோல் இருந்தது அந்த வாக்கியம். அகஸ்டின் முகம் மாறிவிட்டது. எழுந்தே போய்ப் பையை எடுத்து வந்தான். “நீங்க மொதல்ல பேசுங்க சார். ஆட்டோ வேணும்னா சொல்லுங்க.” பேருக்குக்கூட அவர் காதில் வைக்கவில்லை. கழிப்பறைக்குள் போய்த் தாழ்போட்டார். பினாயில் வாடை. பதினொன்று ஐம்பத்து இரண்டு. கோட்டை வாசலில் பெட்டி காத்திருந்தது. தொட்டார். ஆடியது, ஆடியது, ஆடியது. நின்றது. இடுக்கில் வெளிச்சம், மஞ்சள்தான், மஞ்சளேதான், கழுத்துக்குப் பின்னால் சூடாக ஏறியது, நீலா விழவில்லை, யாரும் விழவில்லை, எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல ஏறியது, பிறகு ஓரத்தில் மஞ்சள் வெளுத்தது, சாம்பல், வைக்கோல். பக்கத்தில் வந்துவிட்டுப் போயிற்று. வந்துவிட்டுப் போயிற்று என்று அந்தப் பெண் சொன்ன அதே சொல் அவர் தலைக்குள் ஓடியது, அதைத் தள்ளிவிட்டு இடது கை சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தது. இதுவரை அவர் கை ஒழுங்காகச் செய்துவந்த வேலை. கை நோட்டின் முன்பக்கத்தைத் திறக்கவில்லை. பின்பக்கத்தைத் திறந்து, பென்சிலால் எழுதிற்று: மு.அ.

மு.அ. என்றால் முழுமையடையாத அமர்வு. தளபதி கிடைக்கும்வரை உட்கார்ந்திருப்பது ஓர் அமர்வு என்று இரண்டாம் நாள் அவரே வரையறுத்திருந்தார். கிடைப்பதற்குள் நீலா கூப்பிட்டாலோ, பேட்டரி தீர்ந்தாலோ, வகுப்புக்கு மணி அடித்தாலோ, அமர்வு முழுமையடையவில்லை. முழுமையடையாததைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பின்பக்கத்தில் பென்சிலால் குறித்து வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு நேர்த்தியான வரையறை. முன்பக்கத்தில் மையால் எழுதிய ஒவ்வொரு அமர்வும் தளபதியோடு முடிந்தது. முடியாமல் இருக்குமா? தளபதியோடு முடிந்ததை மட்டும்தானே முன்பக்கத்துக்கு விட்டார். பின்பக்கத்தைப் புரட்டினார். புரட்டினார். பென்சில் பக்கங்கள் நடுவரை வந்து மைப்பக்கங்களை முட்டிக்கொண்டு நின்றன. நேற்றைய முப்பத்தாறும் அங்கே இருந்தது. நூற்றுக்கு மூன்றரை என்பது அவர் ஜெயித்த நாட்களின் மூன்றரை. போன வருஷம் ஒரு பையன் பிராஜெக்டில் சரிவராத அளவீடுகளை விட்டுவிட்டு வந்தபோது, தாளை அவன் முன்னாலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்து, ‘இதுக்குப் பேரு புள்ளியியல் இல்ல, பொய்’ என்றவர் அவர். அவன் கண்ணில் நீர் வந்தது. இவருக்கு வரவில்லை. பினாயில் வாடையில் நின்றுகொண்டு, பென்சில் கட்டங்களையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தார், மனக்கணக்கு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒன்றே முக்காலுக்கும் கீழே போயிற்று. மறுபடி கூட்டினார். தப்பாகக் கூட்டியிருந்தால் நன்றாக இருக்கும் என்று கூட்டினார். அதே எண். அதைவிட மோசமாக ஒன்று இருந்தது: கூட்டிக்கொண்டிருக்கும்போதே கட்டை விரல் அடுத்த பெட்டிக்கான விலைப் பொத்தானின் மேல் இருந்தது. அழுத்தவில்லை. அழுத்தவில்லை என்று மூன்று முறை சொல்லிக்கொண்டார். எடுக்கவும் இல்லை. யாரோ வெளியே கதவைத் தட்டிய பிறகுதான் எடுத்தார்.

போனை அகஸ்டினிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு ஹாலுக்குள் நுழைந்ததும் ஜெசிந்தா மேடம் எழுந்து வந்தார். “சாரே, அகஸ்டின் வந்து சொன்னான். வீட்டுல மேடத்துக்கு இப்ப எப்படி? சொல்லப்பிடாதா என்கிட்ட? நீங்க போங்க, நான் பாத்துக்கிடுதேன்.” “இல்ல மேடம், இப்ப பரவால்ல.” “ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாவளா?” “ம்.” “எந்த ஆஸ்பத்திரி?” பரீட்சை எழுதுகிற இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். பஸ்காரர் ஊரில் இல்லை, பஸ்காரருக்கு உடம்பு சரியில்லை. ஒரு கல் எடுத்து வைத்ததும் அடுத்த கல்லுக்கு இடம் தானாக வந்துவிடுகிறது. பத்து நாள் அந்தப் பெண் எப்படித் தாக்குப்பிடித்தாள் என்று அவருக்கு வியப்பாக இருந்தது. தனக்கு இரண்டு நிமிஷத்தில் மூச்சு முட்டுகிறது. “பக்கத்துலதான்” என்று சொல்லிவிட்டு மேசையிலிருந்து ஓர் அடிஷனல் ஷீட்டை எடுத்தார். எடுத்த தாளுக்குக் கணக்குக் காட்ட வேண்டும், தெரியும். ‘பழுது’ என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டார். நடக்கவில்லை. உட்கார்ந்தார். முந்தைய அறிக்கை பிழையானது என்று எழுதி, அடித்து, முந்தைய அறிக்கையில் ஒரு குறைபாடு உள்ளது என்று எழுதினார். குறைபாடு. வேலைக்கே உதவாத சொல். பிழைக்குக் காரணம் எழுதாமல் எண்ணை மட்டும் மாற்றினால் என்ன? ஒன்றே முக்கால் என்று போட்டு, நிறுவனம் சொன்னதைவிடக் குறைவு, ஏமாற்று, சூதாட்டமே என்றால் போதும், பிள்ளை தப்பித்துவிடும், தன் பெயரும் தப்பிக்கும். ஆனால் ஒன்றே முக்காலும் இரண்டும் ஒன்றுதான், இந்த மாதிரி அளவுக்கு அந்த வித்தியாசம் ஒன்றுமேயில்லை என்று அவருக்குத் தெரியும். நிறுவனம் பொய் சொல்லவில்லை. எண் சரியாகவே இருக்கிறது. சரியான எண்ணை வைத்துக்கொண்டே அந்த விளையாட்டு இருபத்தேழு வருஷக்காரனை மூன்று வாரத்தில் பென்சிலுக்கு மாற வைத்துவிட்டது. அந்தப் பெட்டியில் என்ன விழுகிறது என்பது அல்ல விஷயம், விழுவதற்கு முந்தின நொடி. அதை எந்த அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? மணி அடித்தது. ஐந்து நிமிஷம் இருக்கிறது, நூல் கட்டுங்க, என்று தன் குரல் சொல்வது கேட்டது.

இரண்டு மணிக்குத் துணை முதல்வர் அறைக்கு வெளியே பெஞ்சில் ரெக்சலினும் அம்மாவும் இருந்தார்கள். அம்மா எழுந்து கும்பிட்டாள். ரெக்சலின் எழுந்து நின்று அவர் கையிலிருந்த மடித்த தாளைப் பார்த்தாள்.

“எங்களுக்கு என்னத்த எழுதியிருக்கீங்க சார்?” என்றாள் அம்மா.

“மொதல்ல எழுதுனது தப்பு. மாத்திட்டேன்” என்றார். தாளில் மூன்று வாக்கியங்களும் நாலு அடித்தல்களும் இருந்தன.

ரெக்சலின் மெதுவாகக் கேட்டாள். “சார், நீங்க ஆடிப் பாத்தீங்களா?”

“ஆமா. சோதனைக்காக.”

“எத்தனாவது கோட்டை சார்?”

“பதினேழு” என்றார், நினைப்பதற்கு முன்பே. குரலில் ஒரு துள்ளல் இருந்தது. அது அவர் காதிலேயே விழுந்தது.

“மூணு வாரத்துலயா!” அவள் கண்கள் விரிந்தன. வகுப்பில் அவரை அவள் இவ்வளவு மரியாதையாகப் பார்த்ததில்லை. பிறகு அந்த மரியாதை மெல்ல இறங்கியது. பதினேழாவது கோட்டைக்கு மூன்று வாரத்தில் எப்படிப் போவார்கள் என்று அவளுக்குத் தெரியும்; சும்மா கிடைக்கும் பெட்டிகளை வைத்து யாரும் போக முடியாது. அம்மாவை ஒருமுறை பார்த்துக்கொண்டு, இன்னும் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “சார், நான் போன அம்மாட்ட குடுத்துட்டேன். அதச் செய்யாம நிறுத்த முடியாது சார்.”

அவர் கை பைக்குள் போயிற்று. செல்போனின் விளிம்பு சூடாக இருந்தது, அல்லது விரல்கள் சூடாக இருந்தன. வெளியே எடுக்கலாம், இந்த அம்மாவின் கையில் வைக்கலாம், என்ன நினைப்பாள். கை வரவில்லை. பியூன் கதவைத் திறந்து அவரைக் கூப்பிட்டான். உள்ளே ஐந்து நாற்காலிகளில் நாலு நிறைந்திருந்தன. ஜெசிந்தா மேடம் சொல்லியிருக்க வேண்டும், எல்லாரும் இரக்கமாகப் பார்த்தார்கள்.

“வாங்க தாணு சார். வீட்டுல முடியலன்னு கேள்விப்பட்டேன், சீக்கிரம் விட்டுருதேன்.” பொன்னையா சார் பேனா மூடியைக் கழற்றினார். “ஒரு வரி. சூதாட்டமா, விளையாட்டா?”

“வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்க சார்” என்றார் தாணுமூர்த்தி. “அது நான் சொன்ன பொய். அந்தப் பெட்டிக்காக. சூதாட்டம்னு எழுதுங்க. நம்ம காலேஜ்ல மாட்டுனது ரெண்டு பேருன்னும் எழுதுங்க.”

பொன்னையா சார் பேனாவைத் தாளிலிருந்து எடுத்தார். “ரெண்டா? இன்னொரு பிள்ள யாரு? எந்த வருஷம்?”

“பிள்ள இல்ல சார்.”